பனிமலையும் வீராணமும்
(பிச்சாவரத்தில் பேசியது)

இமயமலையில் பனி இறுகி, ஆறுபோல் மெல்ல நகருகிறது. நமது நாட்டில் இத்தகைய பனியாறுகள் 9,000க்கு மேல் உண்டு. பெரும்பகுதி மேற்கே, சிந்து நதிப் பக்கம். அங்கே சியாச்சின் மட்டும் சுமார் 76 கிலோமீட்டர் நீளம்! கங்கை பிறக்கும் கங்கோத்ரி 30, கிழக்கே சிக்கிமில் செமு 26. கோடையில் பனி உருகுகிறது. கங்கையில் தண்ணீர் ஓடுகிறது.

நமது மேற்கு மலையிலோ ஒன்றுகூடக் கிடையாது. குடகில் மழை பொய்த்தால் காவிரி இல்லை. கோடையில் கொள்ளிடம் மணலாகக் கிடக்கிறது.

ஆகவே நமக்குப் பனிமலை வீராணம் ஏரிதான். கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் வெள்ளத்தை அதுதான் தேக்கி, சிதம்பரம் வட்டார வயல்களுக்குத் தருகிறது. 2004 முதல் சென்னைக்கும் அதிலிருந்தே குடிநீர் போகிறது. தாகத்துக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், வண்டல் மேடிட்டு ஏரி குறைந்தால் கடைமடை காயும். முதலில் போவது நமது நடவுக் கூலி!