பட்டியலில் ஒரு திருத்தம்



முதலாம் நற்கருணை மன்றாட்டில் திருத்தூதர்களின் பெயர்களை அடுத்து லீனுஸ், கிளேத்துஸ், கிளமெந்து என்னும் பெயர்களைக் கேட்கிறோம். பேதுருவுக்குப் பின் உரோமைத் திருஅவையை வழிநடத்தியவர்கள் என்று நம் மரபு போற்றும் ஆயர்கள் இவர்கள்.

கி.பி. 180 அளவில் லியோன் நகர் ஆயர் புனித இரனேயு இதே வரிசையை எழுதி வைத்தார். கிளேத்துஸை அவர் அனகிளேத்துஸ் என்று குறிப்பிட்டார். ஆள் ஒருவர்தான், பெயர்தான் இரண்டு விதம். ஆனால் 354-ஆம் ஆண்டின் உரோமைப் பட்டியலில் கிளமெந்து முன்னே வந்துவிட்டார். கிளேத்துஸ் ஒருவர், அனகிளேத்துஸ் வேறொருவர் என்று ஆகிவிட்டது. பிற்காலத்தில் ஏப்ரல் 26-இல் ஒருவருக்கும் சூலை 13-இல் மற்றவருக்கும் விழா எடுத்தோம். 1960-இல் திருத்தந்தை புனித 23-ஆம் யோவான் காலத்தில் நாள்காட்டி திருத்தப்பட்டபோதுதான் சூலை மாத விழா நீக்கப்பட்டது.

இதைக் கேட்கும்போது நமக்குள் ஒரு கலக்கம் எழலாம். தொடக்க கால ஆயர்களின் பெயரிலேயே குழப்பம் என்றால், அவர்கள் வழியாக வந்த விசுவாசத்தை எப்படி நம்புவது?

இரனேயு ஏன் அந்தப் பெயர்களை எழுதினார்? இரகசியப் போதனை தங்களிடம் மட்டுமே உண்டு என்று சிலர் மக்களைக் குழப்பிய காலம் அது. 'திருத்தூதர்களின் போதனை ஒளிவுமறைவின்றி, எல்லார் முன்னிலையிலும் கையளிக்கப்பட்டது' என்று காட்டவே எழுதினார். அவருக்குப் பெயர்களைவிடக் கையளிக்கப்பட்டதே முக்கியம்.

கிளமெந்தின் கடிதமும் அதையே காட்டுகிறது. கொரிந்து சபையில் மூப்பர்கள் சிலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டுப் பிளவு ஏற்பட்டபோது, சமாதானம் வேண்டி உரோமையிலிருந்து எழுதப்பட்டது அது. அதில் அவருடைய பெயரே இல்லை. உரோமைச் சபையின் பெயரில்தான் கடிதம் தொடங்குகிறது.

நமக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுத் தந்தவர் நம் பாட்டி. பாட்டிக்குக் கற்றுத் தந்தவர் யார்? அவருக்கு முன்பு யார்? மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் சொல்ல நம்மால் முடியவில்லை. ஆனால் அந்த அடையாளம் இன்று காலையும் நம் நெற்றியில் இருந்தது.

பழைய பிழையைத் திருத்தியதால் திருஅவை சிறுத்துப் போகவில்லை. நம் குடும்பத்திலும் பங்கிலும், 'நாம் நினைத்திருந்தது தவறு' என்று ஒப்புக்கொள்ள நாம் ஏன் அஞ்ச வேண்டும்? நம் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஏன் சண்டையிட வேண்டும்?

பெயர் மறந்துபோன அத்தனை பேருக்காகவும் இன்று இறைவனுக்கு நன்றி சொல்வோம். அவர் ஒருவரையும் மறப்பதில்லை. ஆமென்.