நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல்



இன்னிக்குப் பேசப்போறது ஒரு வேலையைப் பத்தி. இதுல ஆபீஸும் வீடும் ஒரே இடம். காலையில உங்க அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே யாரோ ஒரு பையன் "என் டவலைக் காணோம்"னு கத்தி எழுப்பிடுவான். குழந்தைகள் இல்லத்துல ஹவுஸ் மதர், ஹவுஸ் ஃபாதர்னு சொல்ற வேலை. தமிழ்ல இல்லத் தாய், இல்லத் தந்தை. நாம பொதுவா எல்லாரையும் 'வார்டன்'னு சொல்லிடறோம். ஆனா வார்டன் பாத்துக்கறது ஹாஸ்டலை. இவங்க பாத்துக்கறது குழந்தையை.

"சிட்டி வேலை போதும், ஊர்ப் பக்கம் போய் இப்படி ஏதாவது செய்யலாமா"ன்னு நம்ம வயசுல நிறைய ஜோடிகள் யோசிக்கிறாங்க. அவங்களுக்காகத்தான் இந்த எபிசோடு.

முதல்ல 1801க்குப் போயிட்டு வருவோம். இடம் தஞ்சாவூர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் ராஜ்ஜியத்தோட நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயிருந்தது. மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு ஒரு கவலை. ராமேஸ்வரம் போற யாத்திரைக்காரங்களுக்காக அவங்க முன்னோர் கட்டின சத்திரங்கள் என்ன ஆகும்? அந்தச் சத்திரங்கள்ல என்னென்ன நடக்குதுன்னு விளக்கி கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதறார். அதுல ஆதரவில்லாத குழந்தைகளைப் பத்தியும் வருது. அவங்களைச் சத்திரத்துப் பள்ளி ஆசிரியர் பொறுப்புல விடறாங்க. மூணு வேளைச் சாப்பாடு, துணிமணி, உடம்பு சரியில்லன்னா மருந்து. எந்தப் படிப்புல விருப்பமோ அது. படிச்சு முடிச்சா கல்யாணச் செலவும் சத்திரத்தோடது.

இதுக்கு நடுவுல ஒரு விவரம் வருது. நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டணும்.

என்னை நிறுத்தினது அதுதான். சாப்பாடு போட ஒரு சமையல்காரர் போதும். மருந்து கொடுக்க வைத்தியர் போதும். ஆனா தலையில எண்ணெய் வைக்க ஒருத்தர் பக்கத்துல உக்காரணும். பேன் இருக்கா, காதுக்குப் பின்னாடி புண் இருக்கா, இந்த வாரம் இவன் ஏன் பேசவே மாட்டேங்கறான், இதெல்லாம் அப்போதான் தெரியும். இல்லத் தாய், தந்தை வேலையோட சாரமே அந்தக் கால் மணி நேரம்தான்னு எனக்குத் தோணுது.

அடுத்து 2004, அதே டெல்டா. ஜூலையில கும்பகோணம் பள்ளித் தீ விபத்து, 94 குழந்தைகள். அந்த டிசம்பர்லயே சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. பெத்தவங்களை இழந்த குழந்தைகளுக்காக நாகப்பட்டினத்துல அன்னை சத்யா அரசு இல்லம் வந்தது. தீ விபத்தப்போ தஞ்சாவூர்ல கலெக்டரா இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், சுனாமிக்கு அப்புறம் நாகைக்கு மாத்தப்பட்டார். அவரும் அவர் மனைவி கிருத்திகாவும் அந்த இல்லத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து போய்ப் பாத்தாங்க. மாற்றலாகிப் போன பிறகும் தொடர்பை விடல. அங்க வளர்ந்த ஒரு பொண்ணோட கல்யாணத்தை 2022ல அவரே முன்னின்று நடத்தினது செய்தியா வந்தது, பாத்திருப்பீங்க.

அந்தச் செய்தியில நெகிழ்ச்சி உண்டு. ஆனா கொஞ்சம் யோசிங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அலையைக் கனவுல பாத்து அலறி எழுந்த குழந்தைக்குப் பக்கத்துல யார் இருந்திருப்பாங்க? இல்லத்துல வேலை பாத்த அம்மாக்கள்தான். அவங்க ஃபோட்டோ நம்ம ஃபோன்ல வர்றதில்ல. நீங்க போகப்போறது அந்த இடத்துக்கு.

சரி, போறதுக்கு முன்னாடி சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, இந்த மாதிரி ஒவ்வொரு இல்லமும் பதிவு பண்ணியிருக்கணும். நீங்க சேரப்போற இடத்துல கேக்க வேண்டிய முதல் கேள்வி அது. ஆதரவில்லாம ஒரு குழந்தை கிடைச்சா 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும். யாரோ கொண்டு வந்து விட்டாங்கன்னு நாமளா வச்சுக்க முடியாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியா ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதணும். அடிக்கக் கூடாது. 'திருத்தறதுக்காக ஒரு தட்டு'ங்கறதும் குற்றம்தான், முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம். பெண் குழந்தைகள் இல்லத்துல பணியாளர்கள் பெண்களா இருக்கணும்ங்கறது விதி. அதனால ஜோடியா போறவங்களுக்குப் பெரும்பாலும் பையன்கள் இல்லமோ, தனித்தனி வீடுகளா இருக்கிற குழந்தைகள் கிராமமோதான் பொருந்தும்.

அந்தக் கிராம முறை 1949ல ஆஸ்திரியாவுல தொடங்கினது. ஹெர்மன் க்மைனர்னு ஒருத்தர், போருக்கு அப்புறம் அனாதையான குழந்தைகளைப் பெரிய ஹாலில் வரிசையா கட்டில் போட்டு வளர்க்கறதை மாத்தினார். ஒரு வீடு, ஒரு அம்மா, அண்ணன் தம்பி அக்கா தங்கையா சில குழந்தைகள். எஸ்.ஓ.எஸ். கிராமம்னு இந்தியாவுக்கு 1964ல வந்தது. சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துக்கும் வந்தது.

இப்போ முதல் சில வாரங்கள். யாரும் உங்களை ஓடி வந்து கட்டிக்க மாட்டாங்க. அப்படி முதல் நாளே கட்டிக்கிற குழந்தை இருந்தா, அதுக்குத்தான் கூடுதல் கவனம் வேணும். யார் வந்தாலும் ஒட்டிக்கப் பழகின குழந்தை அது. தலையணைக்கு அடியில இட்லி இருக்கும், எறும்பு மொய்க்கும். திட்டாதீங்க. நாளைக்கும் சாப்பாடு வரும்னு அந்த உடம்பு நம்பறதுக்கு மாசக்கணக்காகும். பத்து வயசுப் பையன் படுக்கையை நனைப்பான். மத்தவங்க எழுந்திருக்கறதுக்குள்ள சத்தமில்லாம மாத்திடுங்க. "உங்க அப்பா எங்க?"ன்னு கேக்காதீங்க. அவனா சொல்லுவான், அனேகமா நீங்க சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருக்கும்போது.

"அம்மா"ன்னு கூப்பிடச் சொல்லியும் கேக்காதீங்க. இல்லங்கள்ல இருக்கிற நிறையக் குழந்தைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்க. வறுமை, நோய், குடி, பிரிவு, ஏதோ ஒரு காரணம். அந்த அம்மாவைக் குறைச்சு ஒரு வார்த்தை பேசினா குழந்தை உங்களை மன்னிக்காது. அக்கா, அண்ணா, அத்தை, எது வருதோ அது போதும். குழந்தை பத்திரமா வீட்டுக்குத் திரும்ப முடிஞ்சா, அதுதான் சட்டமும் விரும்பற முடிவு. அன்னிக்குப் பையைக் கட்டிக் கொடுத்து அனுப்பி வைக்கிறதும் உங்க வேலைதான்.

ரொம்பக் கஷ்டமான நாள் பொங்கல். பாதிப் பேரைக் கூட்டிட்டுப் போக மாமாவோ பாட்டியோ வருவாங்க. மீதிப் பேர் கேட்டைப் பாத்துட்டு நிப்பாங்க. அன்னிக்கு நீங்க உங்க ஊருக்குக் கிளம்பாம, அங்கயே பானை வைக்கணும்.

இங்கதான் இந்த எபிசோடோட முக்கியமான கேள்வி வருது. எவ்வளவு நாள் இருப்பீங்க? ஆறு மாசம் 'அனுபவத்துக்காக'ன்னா தயவுசெஞ்சு போகாதீங்க. அந்தக் குழந்தையை ஏற்கனவே சிலர் விட்டுட்டுப் போயிருக்காங்க. பழகின பிறகு நீங்களும் போனா, அந்தப் பட்டியல்ல அடுத்த பேர் உங்களோடது. ரெண்டு, மூணு கல்வியாண்டு முழுசா இருக்க முடியுமான்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. வார விடுமுறை உண்டா, உங்களுக்குன்னு கதவு சாத்திக்க ஒரு அறை உண்டா, உங்க குழந்தை பிறந்தா என்ன ஏற்பாடு, இதையெல்லாம் சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. ஓய்வில்லாத ஆள்கிட்டதான் முதல்ல பொறுமை போகும்.

முடியாதுன்னு தோணினா அதுல வெட்கப்பட எதுவும் இல்ல. செய்யறதுக்கு வேற வேலை இருக்கு. பிறந்தநாளுக்குக் கேக்கும் பிரியாணியும் கொண்டுபோய்க் குழந்தைகளோட செல்ஃபி எடுத்துப் போடறதை நிறுத்தலாம். இவங்க படத்தையோ பேரையோ வெளியிடறது சட்டப்படியே தப்பு. அதுக்குப் பதிலா, இல்லத்து அனுமதியோட சனிக்கிழமை சனிக்கிழமை ஒரே நேரத்துக்குப் போய்க் கணக்கு சொல்லிக் கொடுங்க. 18 வயசாகி வெளிய வர்ற பசங்களுக்கு வாடகை வீடு பாக்கத் துணை நில்லுங்க. ஆபத்துல இருக்கிற குழந்தையைப் பாத்தா 1098க்கு ஃபோன் பண்ணுங்க.

போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்கன்னா, பையில ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வச்சுக்கோங்க. முதல் ஞாயிற்றுக்கிழமை திண்ணையில உக்காருங்க. யாராவது ஒருத்தன் வருவான். அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீங்க அங்கயே இருக்கீங்களான்னு பாக்கறதுக்காகத் திரும்பவும் வருவான்.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.