முற்றும் எச்சமும்: பாதுகாப்பு கவுன்சில் தீர்மானங்களின் வினைச்சொற்கள்



பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் இலக்கணம் நடத்தியவர் ஐயா. அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையில் ஐ.நா. தீர்மானங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருத்தமில்லாத தலைப்பு என்று சிலர் நினைக்கலாம். இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்ததே அவர்தான்.

2012 மார்ச் 22 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை கவுன்சில் இலங்கை பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 24, எதிர்ப்பு 15, நடுநிலை 8. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. நான் அப்போது ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 'இலங்கைக்கு ஐ.நா. உத்தரவு' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டேன். மறுநாள் காலை ஐயாவிடமிருந்து தொலைபேசி.

"தம்பி, மேலே உத்தரவுன்னு போட்டிருக்கே. உள்ளே படிச்சா கேட்டுக்கொள்கிறது, ஊக்குவிக்கிறதுன்னு வருது. இது ஏவலா, வியங்கோளா?"

என்னிடம் பதில் இல்லை. எதிரில் நிற்பவனை நேராகப் பார்த்துச் 'செய்' என்பது ஏவல். 'நடக்க, வருக, வாழ்க' என்று எல்லோருக்கும் பொதுவாக நிற்பது வியங்கோள். வாழ்த்தவும் வையவும் வேண்டவும் விதிக்கவும் அது பயன்படும். ஜெனீவாத் தீர்மானம் வேண்டல் பொருளில் வந்த வியங்கோள். அதை நான் ஏவலாக்கியிருந்தேன். நான் மட்டுமில்லை, அந்த ஆண்டும், அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுத் தெருக்களில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தபோதும், எங்கள் தொழிலில் பலரும் ஜெனீவாவையும் நியூயார்க்கையும் ஒன்றாகவே எழுதினோம். நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஆணையைப் பிறப்பிக்கக்கூடிய இடம் நியூயார்க்கிலுள்ள பாதுகாப்பு கவுன்சில். 2009-ல் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது அந்த கவுன்சில் இலங்கையைத் தன் நிகழ்ச்சிநிரலிலேயே ஏற்றவில்லை. உறுப்பினர்கள் அதிகாரபூர்வமற்ற முறையில் கூடிப் பேசிக் கலைந்தார்கள். அங்கே வினையே இல்லை.

அந்தத் தொலைபேசிக்குப் பிறகுதான் தீர்மானங்களை இலக்கணப் புத்தகம் மாதிரி படிக்க ஆரம்பித்தேன்.

பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் எத்தனை பக்கம் ஓடினாலும் அது ஒரே வாக்கியம். எழுவாய் முதல் வரியிலேயே இருக்கும்: பாதுகாப்பு கவுன்சில். அதை அடுத்து முகவுரைப் பத்திகள். முந்தைய தீர்மானங்களை நினைவுகூர்ந்து, நிலைமை மோசமாவது கண்டு கவலையுற்று, பொதுச்செயலரின் அறிக்கையைக் கவனித்து. எல்லாம் வினையெச்சங்கள். பிறகு எண்ணிட்ட பத்திகள். கண்டிக்கிறது, வலியுறுத்துகிறது, கோருகிறது, முடிவு செய்கிறது. எல்லாம் வினைமுற்றுகள். முற்றுப்புள்ளி கடைசிப் பக்கத்தில்தான் விழும். ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கிக் கடைசியில் முற்றுக் கொடுத்துப் பழகிய நமக்கு இது வீட்டு நடை.

ஆனால் முற்றுகள் எல்லாம் ஒரே எடையில்லை. 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தில் (இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையெழுத்திட்டவர் நம் சர் ஆற்காடு ராமசாமி முதலியார், நாடு அப்போது விடுதலை கூட அடையவில்லை) 25-ஆவது பிரிவு சின்னது. கவுன்சிலின் முடிவுகளை ஏற்று நடத்த உறுப்பு நாடுகள் ஒப்புக்கொள்கின்றன என்கிறது. ஆகவே 'முடிவு செய்கிறது' என்ற வினைக்குப் பிணைக்கும் வலு உண்டு. 'கேட்டுக்கொள்கிறது', 'ஊக்குவிக்கிறது' போன்றவற்றுக்கு அந்த வலு பொதுவாகக் கிடையாது. பொருளாதாரத் தடை 41-ஆவது பிரிவிலும், படை பலம் 42-ஆவது பிரிவிலும் இருக்கிறது. இரண்டும் சாசனத்தின் ஏழாம் அத்தியாயம். தீர்மானம் நிறைவேற 15 உறுப்பினர்களில் ஒன்பது பேர் ஆதரிக்க வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் கூட எதிர்க்கக் கூடாது. எந்த வினையைப் போடுவது என்பதற்குத்தான் தூதர்கள் இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள்.

இந்தத் தீர்மானங்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பட்டது இது: அடுத்தவன் கடையை மூடச் சொல்லும்போது கவுன்சிலின் வினை கணீரென்று ஒலிக்கும். தன் உறுப்பினர்கள் ஆளனுப்ப வேண்டி வந்தால் குரல் கம்மிவிடும்.

முதலில் கணீர்க் குரல். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. நான்காம் நாள், ஆகஸ்ட் 6, தீர்மானம் 661. ஆதரவு 13. கியூபாவும் ஏமனும் வாக்களிக்காமல் விலகின. எல்லா நாடுகளும் ஈராக்கோடு வாங்கல் விற்றலை நிறுத்த வேண்டும் என்று கவுன்சில் முடிவு செய்தது. மருந்துக்கு விலக்கு. உணவுக்கோ 'மனிதாபிமானச் சூழலில்' மட்டும் விலக்கு. அந்தச் சூழல் வந்துவிட்டதா என்று யார் சொல்வது? அடுத்த மாதமே அந்த அதிகாரத்தை, தடையைக் கண்காணிக்க கவுன்சில் அமைத்த தடைக்குழு எடுத்துக்கொண்டது. குவைத்தில் மாட்டிக்கொண்ட தன் குடிமக்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக் கப்பல் விட இந்தியாவே அந்தக் குழுவின் அனுமதிக்காகக் காத்திருந்தது. அம்மான் வழியாக விமானங்களில் திரும்பிய சுமார் 1.7 லட்சம் இந்தியர்களில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். இந்த அரங்கிலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இருக்கக்கூடும்.

661-க்கு முடிவுத் தேதி கிடையாது. இந்தச் சின்ன விடுபாடு பதின்மூன்று ஆண்டுகளைத் தின்றது. தடை போட ஒன்பது வாக்கு வேண்டுமென்றால், தடை எடுக்கவும் புதிய தீர்மானமும் ஒன்பது வாக்கும் வேண்டும். வீட்டோ உள்ள ஒருவர் கை தூக்கினால் தடை அப்படியே நிற்கும். பூட்டியவர்களில் ஒருவர் மறுத்தாலும் திறக்க முடியாத பூட்டு. 1995 ஏப்ரலில் தீர்மானம் 986 வந்தது. எண்ணெயை விற்றுக் கிடைக்கும் பணத்தில் உணவும் மருந்தும் வாங்கலாம். விற்பனை 1996 டிசம்பரில்தான் தொடங்கியது. ஈராக்கில் மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய் எல்லாம் ரேஷனில் வந்தன. நம் நியாயவிலைக் கடையில் கார்டை நீட்டிப் பழகியவர்களுக்குப் புரியும்: வீட்டுச் சமையல் முழுக்க அந்த ஒரு கார்டைச் சார்ந்திருந்தால் அதன் விலை என்ன என்று.

உணவு ஒருவழியாகக் கப்பலேறியது. தண்ணீர் சுத்திகரிப்புக்கும் மின்சாரத்துக்குமான சாமான்கள் தேங்கின. தடைக்குழுவில் 15 பேர்; ஒருவர் 'நிறுத்திவை' என்றால் போதும், ஒப்பந்தம் நின்றுவிடும். இதே பொருள் ஆயுதம் செய்யவும் உதவும் என்பது வழக்கமான காரணம். பெரும்பாலான நிறுத்தங்கள் அமெரிக்காவினுடையவை. 2002-ல் நின்றுபோயிருந்த சாமான்களின் மதிப்பு 500 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998-ல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக் 2000-ல் விலகினார். சதாம் உசேன் ஆட்சி எண்ணெய் ஒப்பந்தங்களில் கையூட்டு வாங்கியதையும் சொல்லாமல் விட முடியாது. வோல்க்கர் விசாரணைக் குழு 2005-ல் அதை விவரமாக எழுதியிருக்கிறது. ஆளுகிறவனை இறுக்கப் போட்ட கயிறு அவன் கையிலேயே வியாபாரமானது.

இனிக் கம்மிய குரல். தமிழ்க் காதுக்கு 'அமைதிப்படை' என்றால் 1987-ல் இலங்கைக்குப் போன இந்தியப் படைதான் நினைவுக்கு வரும். அதற்கும் பாதுகாப்பு கவுன்சிலுக்கும் தொடர்பில்லை. அது இரு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் போனது. நான் பேசுவது நீலத் தொப்பிக்காரர்களைப் பற்றி. அந்தப் படைக்குச் சாசனத்தில் பெயரே கிடையாது. சமரசம் பேசும் ஆறாம் அத்தியாயத்துக்கும் படை அனுப்பும் ஏழாம் அத்தியாயத்துக்கும் நடுவில் 'ஆறரை அத்தியாயம்' என்று அதற்கு ஒரு கேலிப்பெயர் உண்டு.

1993 அக்டோபரில் தீர்மானம் 872 ருவாண்டாவுக்கு ஒரு படையை அமைத்தது. அனுமதித்த பலம் 2,548. தளபதி கனடாவின் ரோமியோ டல்லேர். ஆயுதக் கிடங்குகள் பற்றியும் கொலைப் பட்டியல்கள் பற்றியும் 1994 ஜனவரி 11 அன்று அவர் நியூயார்க்குக்குத் தந்தி அனுப்பினார். கிடங்குகளைச் சோதனையிட அனுமதி கிடைக்கவில்லை. இனப்படுகொலை தொடங்கிய ஏப்ரல் 7 அன்று அந்தப் படையின் பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திரும்பப் பெற்றது. கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியில் ஏறத்தாழ 2,000 பேர் பெல்ஜிய வீரர்களை நம்பித் தஞ்சம் புகுந்திருந்தார்கள். 11-ஆம் தேதி வீரர்கள் வண்டியேறினார்கள். வாசலில் கொலைகாரர்கள் காத்திருந்தார்கள்.

ஏப்ரல் 21 அன்று தீர்மானம் 912. படையை 270 பேராகக் குறைக்கிறார்கள். அதற்கு என்ன வினை போட்டார்கள் தெரியுமா? படையின் பணியைச் 'சரிசெய்ய' முடிவு செய்கிறது. இடைநின்று பேச, இயன்றவரை நிவாரணத்துக்கு உதவ, நடப்பதைக் கண்காணித்துத் தெரிவிக்க. கொலையைக் கண்காணித்துத் தெரிவிப்பது ஒரு வேலையானது. ஒருமனதான வாக்கு. அந்த ஆண்டு ருவாண்டாவும் கவுன்சிலில் உறுப்பினர் என்பதை மறந்துவிடாதீர்கள். கொலையை நடத்திக்கொண்டிருந்த அரசின் தூதர் அந்த மேசையில் உட்கார்ந்து கை தூக்கினார். மே 17 அன்று தீர்மானம் 918 பலத்தை 5,500 ஆக்கியது. அதிலிருந்த ஆயுதத் தடைப் பகுதிக்கு எதிராக விழுந்த ஒரே வாக்கும் ருவாண்டாவுடையது. சுமார் எட்டு லட்சம் பேர் மாண்டு முடிந்த ஜூலையிலும் அந்த 5,500 பேர் வந்து சேரவில்லை.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா இன்னும் நுட்பமான பாடம். 1993 ஏப்ரலில் தீர்மானம் 819 அந்த ஊரைப் பாதுகாப்பான பகுதி என்றது. ஜூனில் 836 அங்குள்ள படைக்கு வேலை வகுத்தது. 'காக்க' என்ற சொல் அதில் இல்லை. தாக்குதல் நடக்காதபடி 'தயங்கச் செய்ய' என்ற பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். படைபலத்தைக் குறிப்பிட்ட இடத்திலும் 'தற்காப்பில்' என்று ஒட்டுப்போட்டார்கள். இது தற்செயலில்லை, கோஃபி அன்னான் 1999-ல் வெளியிட்ட அறிக்கை, 'காக்க' என்ற சொல்லைத் தீர்மானம் திட்டமிட்டே தவிர்த்தது என்று காட்டுகிறது. இப்படி அறிவித்த பாதுகாப்பான பகுதிகள் அனைத்துக்குமாக 34,000 பேர் வேண்டும் என்று படைத் தளபதிகள் மதிப்பிட்டார்கள். கவுன்சில் 7,600 பேருக்குச் சம்மதித்தது. 1995 ஜூலை 11 அன்று ஊர் விழுந்தது. சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். தயங்க வேண்டியவர்கள் தயங்கவில்லை.

'குடிமக்களைக் காக்க' என்ற சொல் ஓர் அமைதிப்படைக்கு வெளிப்படையாகக் கிடைத்தது 1999 அக்டோபரில், சியரா லியோனுக்கான தீர்மானம் 1270-ல். அங்கேயும் 'தன் ஆற்றலுக்கும் நிற்கும் இடத்துக்கும் உட்பட்டு' என்றொரு வால். அந்தப் படையின் முதல் தளபதி இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி. அடுத்த மே மாதமே சுமார் 500 நீலத் தொப்பிக்காரர்களைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கைலாஹுனில் முற்றுகைக்குள் கிடந்த இந்தியர்களை ஜூலையில் படை நடத்தித்தான் மீட்க வேண்டியிருந்தது. தீர்மானம் எழுதுகிற நாடு வேறு, ஆளனுப்புகிற நாடு வேறு. இந்தக் கணக்கில் நாம் எப்போதும் இரண்டாவது வரிசை.

மூன்றாவது, பயங்கரவாத எதிர்ப்பு. இங்கே குரல் மறுபடி கணீரென்றாகிறது, முன்னைவிட உரக்கவே. 2001 செப்டம்பர் 28 இரவு, நியூயார்க் தாக்குதல் நடந்து பதினேழாம் நாள், கவுன்சிலின் 4385-ஆவது கூட்டம். விவாதமில்லாமல் சில நிமிடங்களில் தீர்மானம் 1373 நிறைவேறியது. எல்லா நாடுகளும் பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுப்பதைக் குற்றமாக்க வேண்டும், சொத்துகளை முடக்க வேண்டும், 90 நாளில் அறிக்கை தர வேண்டும். ஒரு நாட்டின் ஒரு செயலைக் குறித்து முடிவெடுத்து வந்த கவுன்சில், உலகத்துக்கே காலவரையில்லாத சட்டம் இயற்றியது. பயங்கரவாதம் என்றால் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு சட்டசபை இப்படிச் செய்தால் நீதிமன்றம் சும்மா விடுமா?

வரையறையை அவரவர் எழுதிக்கொண்டார்கள். இந்தியாவில் அடுத்த மாதமே அவசரச் சட்டம், 2002-ல் பொடா. அந்த ஜூலையில் திருமங்கலத்துக் கூட்டப் பேச்சுக்காக வைகோ உள்ளே போனதை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொடா போய்விட்டது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் முகவுரையைப் புரட்டிப் பாருங்கள். 2008 திருத்தத்தில் அந்த 4385-ஆவது கூட்டம் எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. சில நிமிடக் கூட்டம் நம் நாட்டுச் சட்டத்தின் முகப்பில்.

அதற்கு முன்பே, 1999 அக்டோபரில், தாலிபானுக்கு எதிரான தீர்மானம் 1267 ஒரு பட்டியலைத் தொடங்கி வைத்தது. பிறகு அல்-காய்தாவோடு தொடர்புடையவர்கள் என்று தனி மனிதர்கள் அதில் ஏறினார்கள். ஏற்ற ஒரு நாடு பெயர் கொடுத்து மற்றவர்கள் சும்மா இருந்தால் போதும். இறக்க அப்போது ஒழுங்கான வழி ஏதும் இருக்கவில்லை. ஸ்விட்சர்லாந்து சூழ்ந்த, ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் சொச்சம் பரப்புள்ள இத்தாலியச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த முதியவர் பட்டியலில் ஏறியதால் எல்லை தாண்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் அந்த ஊருக்குள்ளேயே முடங்கினார். மருத்துவரைப் பார்க்கப் போகவும் முடியவில்லை. 2009-ல் பெயர் நீங்கியது. 2012-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்விட்சர்லாந்தைக் குறை சொன்னது. அதற்கு முன்பே, சவூதி வணிகர் காதி வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2008 செப்டம்பரில் இன்னும் மேலே போயிருந்தது: ஐ.நா. ஆணையே ஆனாலும், குற்றச்சாட்டைச் சொல்லாமல் ஒருவர் சொத்தை முடக்கும் எங்கள் விதி செல்லாது. அதன் பிறகே, 2009 டிசம்பரில், முறையீடு கேட்க ஒரு குறைதீர்ப்பாளர் பதவியை கவுன்சில் உருவாக்கியது.

அதே பட்டியலில் ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசாரை ஏற்ற இந்தியா பத்தாண்டு போராடியது. சீனா ஒவ்வொரு முறையும் 'நிறுத்திவை' என்றது. 2019 மே 1 அன்றுதான் பெயர் ஏறியது. பாக்தாதின் தண்ணீர்க் குழாயை நிறுத்திய அதே சொல் இங்கே வேறு ஆளுக்குக் குடையானது.

நேரமாகிவிட்டது என்று அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வினை பாக்கி. பெரும்பாலான தீர்மானங்களின் கடைசிப் பத்தி இப்படி இருக்கும்: இந்த விவகாரத்தைத் தன் கையில் வைத்திருக்க முடிவு செய்கிறது. வெறும் சடங்குபோலத் தெரியும். ஆனால் சாசனத்தின் 12-ஆவது பிரிவுப்படி, ஒரு சச்சரவை கவுன்சில் கையாளும்போது, கவுன்சில் கேட்டாலொழிய, பொதுச்சபை அதுபற்றிப் பரிந்துரை செய்யக் கூடாது. கவுன்சில் அசையாவிட்டாலும், எழுத்தளவிலாவது அடுத்தவர் தொடாதபடி துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலை இது.

ஐயாவிடம் ஒருமுறை இந்த வரியைப் படித்துக் காட்டி, "இது முற்றா, எச்சமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "படித்தனன் தேறினான்னு பாடத்திலே வருமே, ஞாபகம் இருக்கா? பார்க்க முற்று, பொருளிலே எச்சம். இது முற்றெச்சம், தம்பி. அடுத்த வினை எங்கே இருக்குன்னு தேடு" என்றார்.