சீதாதேவியும் ஒற்றை டிரைடெண்டும்



பட்டமளிப்பு உரை என்றால் கனவு காணச் சொல்வது வழக்கம். அதை உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் ஒரு சின்ன விமான நிறுவனத்தின் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம் மதுரை பெருங்குடியில் விமானம் ஏறினால் கொழும்பு ஒரு மணி நேரம்தான். அந்தச் சேவை நம் ஊருக்கு வந்ததே 2012 செப்டம்பரில். உங்கள் தாத்தாக்கள் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர்கள். 1964 புயலில் தனுஷ்கோடியே போயிற்று.

ஆனால் சென்னைக்காரர்களுக்கு 1947 டிசம்பர் 10-ஆம் தேதியே இலங்கை விமானம் வந்துவிட்டது. ஏர் சிலோனின் முதல் பயணம் அது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948 பிப்ரவரி 4. நாடு பிறப்பதற்கு முன்பே விமானம் பறந்துவிட்டது! அமைச்சர் சர் ஜான் கொத்தலாவலவுக்கு அவ்வளவு அவசரம். ‘சீதாதேவி’ என்ற டகோட்டா விமானம் ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னை வந்து சேர்ந்தது. விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று இன்னும் இரண்டு. உலகப் போர் முடிந்ததும் டகோட்டாக்கள் மலிவாகக் கிடைத்தன. புது நாடுகள் பலவும் அதை வைத்துத்தான் தொழில் தொடங்கின.

பிறகு லண்டன் ஆசை வந்தது. பெரிய விமானம் வாங்கக் காசில்லை. 1949-இல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுக்கு 49 சதவீதப் பங்கு கொடுத்தார்கள். அடுத்து டச்சுக்காரர்களின் கே.எல்.எம்., அதற்கடுத்து பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி., 1972-இல் பிரான்சின் யு.டி.ஏ. கூட்டாளி மாறும்போதெல்லாம் விமானமும் மாறியது. ஏர் சிலோன் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. கேலியாகச் சொல்லவில்லை, சின்ன நாடு வேறென்ன செய்யும்? ஆனால் கூட்டாளி மூட்டை கட்டினால் விமானமும் அதை ஓட்டத் தெரிந்தவர்களும் கூடவே போய்விடுவார்கள்.

இடையில் 1969-இல் சொந்தமாக ஒரு ஜெட் வாங்கினார்கள். டிரைடெண்ட். மூன்று இன்ஜின், மூன்றும் வால் பக்கம். விமானம் மட்டும் ஒன்றே ஒன்று.

வணிகவியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் தரையில் நின்றாலும் கடன் தவணை நிற்காது, காப்பீடு நிற்காது, விமானியின் சம்பளம் நிற்காது. அதனால் ஓயாமல் பறக்க வேண்டும். ஆனால் இத்தனை மணி நேரம் பறந்தால் ஹேங்கருக்குள் நிறுத்தி, கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. இரண்டு விமானம் இருந்தால் ஒன்று உள்ளே போகும்போது மற்றது பறக்கும். ஒன்றுதான் என்றால் டைம்டேபிளே உள்ளே போய்விடும். காலையில் ஒரு வால்வு மக்கர் செய்தால் பாகம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். பக்கத்தில் கடன் கேட்கலாம் என்றால் இந்தியன் ஏர்லைன்ஸிடம் இருந்தது காரவெல், அது வேறு ஜாதி. உலகத்திலேயே டிரைடெண்ட் மொத்தம் 117-தான் செய்தார்கள். பாகம் வரும்வரை காத்திருக்கும் பயணிகளுக்குச் சாப்பாடு போட்டு, அறை எடுத்துக் கொடுத்து, கடைசியில் போட்டி நிறுவனத்தின் விமானத்தில் டிக்கெட்டும் வாங்கித் தர வேண்டும். வெளியே நிற்பவர்களுக்கு வால் பகுதியில் தீட்டிய சின்னம்தான் தெரியும். இந்த வேலையெல்லாம் தெரியாது.

1978-இல் ஏர் சிலோன் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைகொடுக்க ஏர் லங்கா பிறந்தது. 1998-இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தை ஏற்றது. பெயர் ஸ்ரீலங்கன் ஆனது. 2001 ஜூலையில் கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதலில் விமானங்கள் எரிந்தும் நிறுவனம் எழுந்து நின்றது.

அதைச் சாய்த்தது இன்னொரு சம்பவம் என்பேன். 2007 டிசம்பரில் லண்டனில் இருந்த அதிபர் ராஜபக்சவும் பரிவாரமும் ஊர் திரும்ப, நிரம்பிய ஸ்ரீலங்கன் விமானத்தில் இடம் கேட்டார்கள். டிக்கெட் வாங்கிய ஏறக்குறைய 35 பேரை இறக்கிவிட வேண்டும். நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பீட்டர் ஹில் மறுத்தார். சில நாட்களில் இலங்கையில் அவருடைய வேலை அனுமதி ரத்தானது. 2008 மார்ச்சில் நிர்வாக ஒப்பந்தம் முடிந்ததும் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது. 2010-இல் அதன் பங்குகளை அரசே திரும்ப வாங்கிக்கொண்டது. அதன்பின் ஆண்டறிக்கைகளில் பெரும்பாலும் நட்டக் கணக்குதான்.

இலங்கையில் இதை இன்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அதிபருக்கு ஓர் இடம் தரக்கூடாதா என்பது ஒரு கட்சி. நான் பீட்டர் ஹில் கட்சி. உங்களில் சிலர் எந்தக் கட்சி என்பதை அறிய ஆசைதான். விழா முடிந்து தேநீர் வேளையில் பேசுவோம்.