விரைவுக் காரும் கிளட்ச் கவையும்



காரின் வேகத்தைக் கூட்ட விரும்பும் இளைஞர் முதலில் எஞ்சினைப் பற்றிச் சிந்திக்கிறார். அடுத்து, கூடிய ஆற்றலைத் தாங்கவல்ல கிளட்ச்சை வாங்குகிறார். இவ்விரண்டுக்கும் பெரும்பொருள் செலவிட்ட பிறகு, அக்கிளட்ச்சை இயக்கும் ஒரு சிறு இரும்புத் துண்டைப் பழையபடியே விட்டுவிடுகிறார். வண்டி பட்டறையை விட்டு வெளிவந்த சில நாட்களில் கியர் விழ மறுக்கிறது; விழும்போதும் கரகரவென்று ஓசை எழுகிறது. குற்றம் கியர்பாக்ஸின் மீது சுமத்தப்படுகிறது. உண்மையில் குற்றவாளி அந்த இரும்புத் துண்டாகவோ, அதைப் பொருத்திய முறையாகவோ இருப்பதுண்டு. அதனைப் பட்டறைகளில் கிளட்ச் ஃபோர்க் என்பர். மரக்கிளையின் கவை போல நுனி இரண்டாகப் பிரிந்திருப்பதால், இப்பேச்சில் அதனைக் கவை என்றே குறிப்பிடுவோம்.

கவையின் தொழில் எளியது. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது கேபிளோ, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சிலிண்டரோ கவையின் வெளிமுனையை அசைக்கிறது. கவை ஒரு குமிழின் மீது ஊன்றி நெம்புகோல் போல் திரும்புகிறது. அதன் பிளவுபட்ட உள்முனை, ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட்டின் விரல்கள் மீது அழுத்துகிறது. பிடி தளர்ந்து, கிளட்ச் பிளேட் விடுபடுகிறது. சில வண்டிகளில் குமிழ், கவையின் நடுவில் இருக்கும். வேறு சிலவற்றில் உள்முனைக்கு அப்பால் இருக்கும். பேரிங்கை முன்னே தள்ளாமல் பின்னே இழுக்கும் கிளட்ச்சுகளும் உண்டு. இன்றைய கார்கள் பலவற்றில் கவையே கிடையாது. கியர்பாக்ஸ் அச்சைச் சுற்றி அமைந்த சிலிண்டரே பேரிங்கைத் தள்ளிவிடுகிறது. ஆகவே, தம் வண்டியில் உள்ளது எவ்வகை என்று அறிவதே முதற்படி.

குமிழ் நடுவில் உள்ள வகையையே எடுத்துக்கொள்வோம். குமிழிலிருந்து வெளிமுனை 100 மில்லிமீட்டர், பேரிங் 50 மில்லிமீட்டர் எனில், கவையின் விகிதம் இரண்டுக்கு ஒன்று. வெளிமுனையில் 100 கிலோ விசை தந்தால் பேரிங்கில் 200 கிலோ கிடைக்கும். குமிழோ இவ்விரண்டின் கூட்டுத்தொகையாகிய 300 கிலோவைத் தாங்கவேண்டும். வலுவான பிரஷர் பிளேட்டைப் பொருத்திப் பேரிங்கின் சுமை 300 கிலோவாக உயருமாயின், குமிழின் சுமை 450 கிலோவாகிவிடும். சாதாரண வண்டிக்கென்று தகட்டை அழுத்திச் செய்த கவை அப்போது வளைகிறது. நாளடைவில் குமிழ் அமரும் குழியருகே விரிசல் காண்கிறது. வளைவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணக்கில் தெரியும்.

அக்கணக்கைப் பார்ப்போம். பெடலின் நகர்ச்சி 130 மில்லிமீட்டர். பெடலின் விகிதம் ஐந்துக்கு ஒன்று. எனவே மேல் சிலிண்டரின் தண்டு 26 மில்லிமீட்டர் நகரும். மேல் சிலிண்டரின் விட்டம் 16, கீழ்ச் சிலிண்டரின் விட்டம் 20 எனில், பரப்பளவின் விகிதப்படி கீழே கிடைப்பது சுமார் 16.6 மில்லிமீட்டர். கவை அதனைப் பாதியாக்க, பேரிங்குக்குக் கிடைப்பது 8.3. பேரிங்குக்கும் விரல்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால், வேலைக்கு எஞ்சுவது 6.3. கிளட்ச் செய்தவர் 6 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறார் எனக் கொள்வோம். கணக்கு ஒருவாறு சரிக்கட்டுகிறது. இந்நிலையில் கவையின் வெளிமுனை 3 மில்லிமீட்டர் வளைந்து கொடுத்தால், பேரிங்கில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்து 4.8 மட்டுமே நிற்கும். பிளேட் முழுதும் விடுபடாது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் சிங்க்ரோ வளையங்கள் தேயும்.

பெடல் கடினமாக உள்ளது என்பதற்காக நீண்ட கவையைத் தேடுவோரும் உளர். விகிதத்தை இரண்டரையாக்கினால் கால் இலேசாகும். ஆனால் அதே கணக்கின்படி பேரிங்கின் நகர்ச்சி 6.6 ஆகச் சுருங்கி, இடைவெளி போக 4.6 மட்டுமே எஞ்சும். நெம்புகோல் ஒருபுறம் தருவதை மறுபுறம் வாங்கிக்கொள்ளும். இலவசமாக அது எதையும் தருவதில்லை.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. கடைக்குச் செல்லுமுன் கியர்பாக்ஸ், கிளட்ச், பேரிங் மூன்றின் விவரத்தையும் எழுதிக்கொள்க. வலுவான கிளட்ச்சுக்கு, பழுக்கக் காய்ச்சி அடித்துருவாக்கிய எஃகுக் கவையோ, தடித்த தகட்டில் விளிம்பு உயர்த்திச் செய்த கவையோ ஏற்றது. பழைய கவையின் மீது பட்டை வைத்து வெல்டிங் செய்வதை நம்பற்க. அச்சூட்டினால் கவை கோணுவதும், கடினப்படுத்திய நுனிகள் மெலிவதும் உண்டு. பேரிங்கின் காதுகளுக்குள் கவையின் நுனிகள் ஆட்டமின்றி, ஆனால் தடையுமின்றி அமர வேண்டும். பேரிங்கின் நீளத்தையும் பார்க்க வேண்டும். செவ்ரோலெட் வண்டிகளுக்கு ஒன்றேகால் அங்குல நீளத்திலும், ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்ட நீளத்திலும் இருவகைப் பேரிங்குகள் கிடைக்கின்றன. விரல்களின் வடிவத்துக்கேற்ப அவற்றுள் ஒன்றே பொருந்தும். மாற்றிப் போட்டால் எத்துணை நல்ல கவையும் பயன்படாது.

சென்னைப் புதுப்பேட்டையைப் போலவே தில்லியின் காஷ்மீரி கேட்டிலும் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் வண்டி உறுப்புகள் மலிந்து கிடக்கின்றன. பழைய கவை வாங்குவோர் மூன்று இடங்களை நோக்குக. குமிழ் அமரும் குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாகாது. இரு நுனிகளும் ஒரே சமதளத்தில் இருத்தல் வேண்டும். குழியைச் சுற்றி மயிரிழை விரிசலும் கூடாது. குமிழை மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்குக. விலை சிறிது, சுமையோ எல்லாவற்றினும் பெரிது.

பொருத்தும் முறை அளவையில் தொடங்குகிறது. கிளட்ச்சை ஃப்ளைவீலில் முடுக்கிய பின், எஞ்சினின் பின்முகத்திலிருந்து விரல் நுனிகள் எவ்வளவு தொலைவு என்று அளக்க வேண்டும். பிறகு, பெல் ஹவுசிங்கின் முன்முகத்திலிருந்து பேரிங்கின் முகம் எவ்வளவு ஆழம் என்று அளக்க வேண்டும். முன்னது 54, பின்னது 56 எனில், இடைவெளி 2 மில்லிமீட்டர். கேபிள் வகையில் இத்தகைய சிறு இடைவெளி தேவை. பேரிங் எப்போதும் மெல்லத் தொட்டுச் சுழலுமாறு அமைத்த எண்ணெய் அழுத்த வகையில் அது தேவையில்லை. வண்டியின் கைநூல் கூறுவதே இங்கு இறுதித் தீர்ப்பு.

அடுத்தது கோணம். நகர்ச்சியின் நடுப்பகுதியில் கவை, அச்சுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆகவே, பெடலைத் தொடாத நிலையில் வெளிமுனை எஞ்சின் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். மிதிக்கும்போது பின்னோக்கி வரும். பெல் ஹவுசிங்கின் துவாரத்தில் இருபுறமும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்விளிம்பில் இடித்தால் கிளட்ச் விடாது. பிளேட் தேயத்தேய விரல்கள் பின்னே வருவதால் வெளிமுனை முன்னே செல்லும். அப்போது முன்விளிம்பில் இடித்தால் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டேயிருக்கும். கிளட்ச் வழுக்கிக் கருகும்.

பலர் மறப்பது இது: ஃப்ளைவீலைக் கடைந்து 1 மில்லிமீட்டர் குறைத்தால், விரல்களும் 1 மில்லிமீட்டர் முன்னே போகும், நாம் எடுத்துக்கொண்ட கவையின் வெளிமுனை 2 மில்லிமீட்டர் பின்வாங்கும். குமிழின் அடியில் 1 மில்லிமீட்டர் வாஷர் இட்டாலோ, திருகி உயர்த்தத்தக்க குமிழைப் பொருத்தினாலோ பழைய கோணம் மீளும்.

கிரீஸ் குறைவாகவே வேண்டும். குமிழின் தலையிலும், கவையின் நுனிகளிலும், பேரிங் சறுக்கும் குழலிலும் வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுக. மிகுதி தெறித்துப் பிளேட்டில் பட்டால் அது நாசமாகும். பழைய பிளேட்டின் தூசியைக் காற்றடித்து ஊதலாகாது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே நுரையீரலுக்குப் பாதுகாப்பு. கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் கிளட்ச் பிளேட்டின் மீது தொங்காதபடி ஜாக்கின் மேல் தாங்கிக்கொள்க.

இறுதியாகச் சோதனை. எஞ்சினை நிறுத்தி, வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் உயர்த்தி, கியரில் இடுக. ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, மற்றவர் உந்துசக்கரத்தைக் கையால் திருப்ப முயல்க. சக்கரம் எந்த இடத்தில் விடுபடுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குமேல் சிறிதளவே பெடல் இறங்குமாறு ஒரு தடுப்பை அமைத்துவிடுக. தேவைக்கு மேல் அழுத்துவது விரல்களை வளைக்கும், கவையையும் களைப்பிக்கும். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து ஐந்து எண்ணி, பின்கியரில் இட்டுப் பார்க்க. ஓசை எழவில்லையேல் வேலை செவ்வனே முடிந்தது.

பழைய அம்பாசிடரை ஓட்டியவர்கள், பெடலின் மீது காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே என்ற அறிவுரையைக் கேட்டிருப்பர். அவ்வண்டியில் பேரிங்குக்குப் பதில் கரி வளையம் இருந்தது; கால் பட்ட நேரமெல்லாம் அது தேய்ந்தது. இன்று உருளும் பேரிங் வந்துவிட்டபோதிலும் அந்த அறிவுரை பழசாகிவிடவில்லை. ஓய்வறியாத கவை நீண்ட நாள் உழைக்காது.

ஒன்று கூறி முடிக்கிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகச் சாலை வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. ஆகவே எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கி ஓட்டும் ஆர்வம் உடையோர், இருங்காட்டுக்கோட்டை, கோவை, கிரேட்டர் நொய்டா போன்ற இடங்களிலுள்ள பந்தயத் தடங்களை நாடுவதே முறை. எங்கு ஓட்டினும், எஞ்சினுக்குத் தரும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக் கவைக்கும் தருக. உங்கள் ஊர்ப் பட்டறையில் கவை என்றால் விளங்காது. ஃபோர்க் என்று கேளுங்கள். பிறகு அதன் கோணத்தையும் இடைவெளியையும் அளந்தீர்களா என்று கேளுங்கள். பட்டறைக்காரர் எம்மொழி பேசுபவராயினும், மில்லிமீட்டரில் விடை சொல்பவரிடம் வண்டியை நம்பி ஒப்படைக்கலாம்.