பின்வரிசையில் ஒரு சுப்பிரமணி



புக்கிட் பாஞ்சாங்கில் சனிக்கிழமை மாலை வேளையில் புளோக்குகளுக்கு நடுவே உள்ள காற்பந்துத் தளத்தின் பக்கம் போனால் ஒரு காட்சியைக் காணலாம். மேலே எல்ஆர்டி ரயில் போய்க்கொண்டிருக்கும். கீழே பையன்கள் குழு பிரிப்பார்கள். எல்லாருக்கும் முன்வரிசையில் நின்று கோல் போட வேண்டும். கடைசியில் எவன் வாய் பேசாமல் நிற்கிறானோ, அவனைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். "நீ தற்காப்புப் பார்த்துக்கோடா!"

அந்த இடத்தில் நின்றே நாட்டுக்காக 100க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர் எஸ். சுப்பிரமணி. அவர் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர், ஹோம் யுனைடெட் குழுவில் நெடுங்காலம் ஆடியவர். ஃபாண்டி அகமது, வி. சுந்தரமூர்த்தி என்றால் காற்பந்து பார்க்காத பாட்டிக்கும் தெரியும். சுப்பிரமணி என்றால், "எந்த சுப்பிரமணி?" என்று கேட்பவர்களே அதிகம்.

இந்த வேலை என்ன, லேசானதா? எதிரணியின் வேகமான ஆட்டக்காரர் பந்தோடு ஓரமாக வருகிறார். ஆத்திரப்பட்டுக் காலை நீட்டினால் அவர் தாண்டிப் போய்விடுவார். அரை அடி, அரை அடியாகப் பின்வாங்கி, அவரைக் கோட்டுப் பக்கமாகவே ஒதுக்க வேண்டும். அதே நேரத்தில் மற்ற மூவருடன் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒருவர் ஓரடி பிந்தினாலும் 'ஆஃப்சைடு' கிடைக்காது. பந்து கைக்கு வந்ததும் திடலின் மறுகோடிவரை ஓடி, பறிபோனால் திரும்ப ஓடி வர வேண்டும், அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததைப் பத்திரிகை எப்படித் தலைப்பாகப் போடும்?

1998ஆம் ஆண்டு டைகர் கிண்ணப் போட்டியை நினைத்துப் பாருங்கள். பேரி விட்பிரெட் பயிற்றுவித்த சிங்கப்பூர்க் குழு வியட்னாமுக்குப் போனபோது யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. சுப்பிரமணியும் அந்தக் குழுவில் இருந்தார். மலேசியாவை 2-0 என்றும் லாவோசை 4-1 என்றும் வென்றார்கள். வியட்னாமுடன் கோலின்றிச் சமநிலை. அரையிறுதியில் இந்தோனீசியாவை 2-1 என்று வீழ்த்தினார்கள். செப்டம்பர் 5ஆம் தேதி, ஹனோயில் இறுதியாட்டம். அரங்கம் முழுக்க வியட்னாம் ரசிகர்கள். சிங்கப்பூர் 1-0 என்று வென்றது. ஐந்து ஆட்டங்களில் சிங்கப்பூர் விட்ட கோல்கள் இரண்டே இரண்டு.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒற்றைக் கோலைப் போட்டவரும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்தான். ஆர். சசிகுமாரின் தோள்பக்கம் பட்டுப் பந்து வலைக்குள் போனது. இன்றும் சசிகுமார் என்றதும் அந்தத் தோள்தான் பேச்சு. அவர் காலாலும் தலையாலும் தடுத்த பந்துகளை யார் கணக்கு வைத்தார்கள்? தற்காப்பு ஆட்டக்காரரை நாம் நினைவில் வைத்துக்கொள்ள அவர் தன் வேலையை விட்டுவிட்டு வேறொருவர் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது!

சுப்பிரமணி மறக்கப்பட்டதற்கு அவர் ஆடிய இடம் மட்டும் காரணமன்று, காலமும் ஒரு காரணம். 1994ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணத்தை வென்றபின் சிங்கப்பூர் அப்போட்டியிலிருந்து விலகியது. 1996ல் எஸ் லீக் தொடங்கியது. கல்லாங்கில் திரண்ட கூட்டம் குழுக்களின் சிறிய அரங்குகளுக்கு வரவில்லை. ஹோம் யுனைடெட் 1999லும் 2003லும் லீக் வெற்றியாளரானது. அந்த ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வீட்டில் இங்கிலிஷ் லீக் ஆட்டத்தைப் பார்த்து விடிய விடியக் கண்விழித்தோம். பிஷானுக்கு ரயிலேற நமக்கு நேரமில்லை.

ஆனாலும் சுப்பிரமணி ஆடிக்கொண்டே இருந்தார். 2005 ஜனவரியில், ராட்கோ அவ்ராமோவிச்சின் பயிற்சியில், இரு ஆட்டங்களிலும் சேர்த்து இந்தோனீசியாவை 5-2 என்று வென்று சிங்கப்பூர் மீண்டும் டைகர் கிண்ணத்தைத் தூக்கியது. 1998ல் இருந்தவர்களில் பலர் அதற்குள் போய்விட்டார்கள். சுப்பிரமணி அப்போதும் குழுவில் இருந்தார்.

இன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஹனோயில் கோல் போட்டவர் யார் என்று கேட்க வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் போட்டியில் தற்காப்பில் ஆடியவர்கள் யார் யார்? சசிகுமாரைத் தவிர இரண்டு பெயர் சொல்பவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் வையுங்கள்.