தீவகத்தில் தமிழ் எங்கே வழங்குகிறது?



தீவகத்தில் தமிழ் வழங்குகிறதா என்று வினவுவது, கடலில் உப்புண்டா என்று வினவுவதை ஒக்கும் என்பீர்கள். வழங்குகிறது. எங்கே, எதற்கு, எவ்வளவு என்பதன்றோ கேள்வி?

வேல்ஸ் நாட்டிலே 2011ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில், தம் மொழி பேசவல்லார் நூற்றுக்குப் பத்தொன்பதின்மர் என்று கண்டனர். அத்தொகையோடு அமைந்தாரில்லை. வல்லார் எல்லாரும் பேசுகின்றனரா, வீட்டிலா, கடையிலா, கந்தோரிலா என அறியத் தனி ஆய்வு நடத்தினர். நாடோறும் பேசுவோர் அவருட் பாதிக்குச் சற்றே மேற்பட்டோர் எனத் தெரிந்தது. நம் நாட்டின் 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்போ வல்லமையை எண்ணிற்று, வழக்கத்தை எண்ணவில்லை.

அங்கே மொழி வீட்டினுள்ளே தேய்ந்தது. நமக்கு வாயிற்படி தாண்டிய பின்னரே இடர். 1956இல் சிங்களம் மட்டும் என்றனர். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகமொழி தமிழென வகுத்தது. ஏட்டில் உள்ளது நாட்டில் உண்டா? கேட்டறிவோம்.

பொலிசில் உமது வாக்குமூலம் எம்மொழியில் எழுதப்பட்டது? கையெழுத்திடுமுன் உமக்கு விளங்கிற்றா? பூச்சிமருந்துப் போத்தலின் எச்சரிக்கையை எம்மொழியில் வாசித்தீர்? வங்கிப் படிவத்தை நிரப்பியவர் யார்? நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் கடல்கடந்து வந்த பேரப்பிள்ளை, ஆச்சி கேட்டதற்குத் தமிழில் மறுமொழி சொல்லிற்றா? நாகவிகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகரோடு நயினாதீவுக் கடைக்காரர் சிங்களம் பேசுவதையும் குறியுங்கள். அது குறையன்று, வாங்குவோர் மொழியறிதல் வணிகர் பழவழக்கம்.

அயற்சொல் வேட்டையும் வேண்டா. கதிரையும் யன்னலும் போர்த்துக்கேயர் தந்தவை. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. ஊர்காவற்றுறைக்குக் கைற்ஸ் என்னும் பெயரே போர்த்துக்கேயரின் துறைமுகச் சொல்தான். இவற்றாற் தமிழ் கெட்டிலது. படிவத்திலே தமிழ் இல்லாமையே கேடு.

ஒன்று கவனியுங்கள். வீட்டுக்கு ஒருவரைக் கேட்டால் தகப்பனாரே எல்லார்க்குமாக விடை சொல்வார். பிள்ளைகளையும் ஆச்சியையும் தனித்தனியே கேளுங்கள். "எப்போதும் தமிழே பேசுவேன்" என்பது பெருமைப் பேச்சு. "நேற்று யாரோடு, எதைப்பற்றி, எம்மொழியில்?" என்று கேட்டால் உண்மை வரும்.

கிடைக்கும் குறைகளை, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடாக அனுப்பலாம். பொதுவாகப் புலம்பும் கடிதம் கோப்பிலே உறங்கும். திகதியும் கந்தோரும் படிவமும் குறித்த முறைப்பாட்டைத் தள்ளுதல் எளிதன்று.

வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்னும் மூன்று பிரிவுகளுள் நெடுந்தீவிலே முதலிற் தொடங்குவோம். வாடைக்காற்று எழுமுன் அங்கே சென்று மீளல் வேண்டும்.